சிபாரிசுக் கடிதமா, விண்ணப்பக் கடிதமா?

(பங்கின் பொன்விழா ஆண்டில், சட்டம் பயிலும் மாணவ மாணவியருக்காகவும் அவர்தம் பெற்றோருக்காகவும் நடைபெற்ற கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பொன்விழா மேடையில் ஏறுகிறவர்கள் கடந்துபோன ஐம்பது ஆண்டுகளின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதனை எங்களுக்கு முன் பேசியவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது இனி வரும் ஆண்டுகளைப் பற்றிய பொருள். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள், வர்த்தகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி பெற எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அது.

இந்தப் பங்கிலிருந்து வக்கீல் தொழிலுக்குப் போன சிலர் நாங்கள். எங்களில் சிலர் உயர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறோம். சிலர் நிறுவனங்களில் அமர்ந்து ஒப்பந்தங்கள் எழுதுகிறோம். கல்லூரி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் எங்களைப் பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள். "ஃபாதரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிவிட்டோம். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் சிபாரிசினால் ஒரு பிள்ளைக்கு ஒரு முறை கதவு திறக்கலாம். நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பத்தால் அந்தப் பிள்ளையே எத்தனை கதவுகளையும் தட்டலாம். இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் ஏற்பட்டது. சட்டக் கல்லூரி 1891-இல் வந்தது. அந்நாளில் சட்டம் படித்து முடித்தவர் ஒரு மூத்த வக்கீலிடம் 'அப்ரண்டிஸ்' ஆக இருந்து பழகிய பின்னரே தொழிலில் இறங்க முடியும். மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையிலும் மாட வீதிகளிலும் பெரிய வக்கீல்களின் வீட்டு முன்னறைதான் அலுவலகம். மேசையைச் சுற்றிச் சட்டப் புத்தகங்கள், ஓரத்தில் குமாஸ்தா, எதிரே கட்டுகளைப் பிரித்துக் குறிப்பெடுக்கும் ஜூனியர்கள். பின்னாளில் புகழ்பெற்ற சி.பி. ராமசாமி ஐயர் தொழில் பழகியது மயிலாப்பூர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம். 1906-இல் ஆர்பத்நாட் வங்கி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனபோது, பணம் போட்டவர்களுக்காக முன்னின்றவர் அந்தக் கிருஷ்ணசாமி ஐயர். அதன் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. வர்த்தகச் சட்டம் என்பது பம்பாய்க்கும் டில்லிக்கும் மட்டும் சொந்தமன்று. நம் பேட்டையிலேயே வேர் விட்டது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நம் சமூகத்தாரும் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். 1928 முதல் 1930 வரை சென்னைச் சட்டக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்த மரியதாஸ் ரத்தினசாமி கத்தோலிக்கர். 'கிங் அண்டு பார்ட்ரிட்ஜ்' என்னும் பழம்பெரும் சட்ட நிறுவனம் நீண்ட காலம் அலுவலகம் வைத்திருந்ததும் ஆர்மீனியன் தெருக் கத்தோலிக்க மையக் கட்டிடத்தில்தான்.

ஆனால் அந்தப் பழைய முறையில் ஒரு குறை இருந்தது. எந்த மூத்தவரிடம் இடம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் தகப்பனாரின் பழக்கத்தையும், உறவையும், தெருவையும் பொறுத்திருந்தது. பெண்களுக்கோ 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தொழிலே மூடிக்கிடந்தது. 1961-இல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது. அதிலிருந்த பயிற்சிக் கட்டாயம் 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 1995-இல் அகில இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் விதியாக்கிப் பார்த்தது; அந்த விதி செல்லாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது. ஆக, படித்து முடித்தவர் தேர்வு எழுத வேண்டும் என்று விதி உண்டு. அவருக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று எவர்மீதும் விதி இல்லை. அந்த இடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் வேறு வழக்கம். அங்கே சொலிசிட்டர் ஆக விரும்புகிறவர் இரண்டாண்டு பயிற்சி அனுபவம் பெற்றாக வேண்டும். லண்டனின் பெரிய நிறுவனங்கள் மாணவர்களை ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு முன்னரே தேர்ந்துகொள்கின்றன. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அறிவிப்பார்கள்; எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கொடுப்பார்கள். இங்கே அப்படிப் பொதுவான ஏற்பாடு கிடையாது. பெரிய நிறுவனங்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நேரே சென்று ஆட்களை எடுத்துக்கொள்கின்றன. அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைக்கு வாசல், மாணவப் பருவத்து இன்டர்ன்ஷிப்தான். நான்கு வாரம் வேலை செய்கிறார்; பிடித்துப்போனால் மறுபடி கூப்பிடுகிறார்கள்; அடுத்த முறை இன்னும் கூர்ந்து கவனிக்கிறார்கள்; படிப்பு முடியுமுன்பே 'அசோசியேட்' வேலைக்குச் சொல்லிவைக்கிறார்கள்.

அந்த இன்டர்ன்ஷிப் சலுகையன்று, பாடத்தின் பகுதி. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் செய்தாக வேண்டும். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்திற்கு மேல் கூடாது. வழக்காடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். முதல் இரண்டாண்டுகளில் சட்ட உதவி மையம், கீழமை நீதிமன்ற வக்கீல், பிறகு உயர் நீதிமன்ற வக்கீல், கடைசி இரண்டாண்டுகளில் நிறுவனங்கள் என்று வரிசைப்படுத்தினால் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும்.

வர்த்தகச் சட்ட நிறுவனத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பெற்றோர் கேட்பதுண்டு. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வாதாடுவது அதில் ஒரு பகுதியே. ஒரு கம்பெனி மற்றொன்றை வாங்கும்போது அதன் கடன், வழக்கு, வரி, தொழிலாளர் பாக்கி எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பது. வங்கிக் கடன் பத்திரங்கள் எழுதுவது. ஆலைக்கு வாங்கும் நிலத்தின் உரிமையைச் சரிபார்ப்பது. சரக்குக் கப்பல் தகராறு, நடுவர் மன்ற விசாரணை, திவால் நடவடிக்கை என்று பல கிளைகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளும் துறைமுகங்களும் இருக்கும் சென்னையில் இவ்வேலைக்குக் குறைவில்லை. 'சுரானா அண்டு சுரானா' மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையிலேயே இருக்கிறது. 'சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ்', 'ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ்', 'கைத்தான்' முதலிய பெரிய நிறுவனங்களும் சென்னையில் அலுவலகம் திறந்துள்ளன. இவற்றைத் தவிர ஐந்து பேர், பத்து பேர் கொண்ட சிறு நிறுவனங்கள் பல, தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உண்டு. பெயர் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். சிறிய அலுவலகத்தில் முதல் வாரமே கையில் ஒரு ஒப்பந்தத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு நம் பங்கு மாணவி ஒருவர், அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கும்படி தம் கடிதத்தை எங்களிடம் கொடுத்தார். பெயர் இங்கே வேண்டியதில்லை. கடிதம் தம் குடும்பம் வறுமையில் வாடுவதாகத் தொடங்கியது. அடுத்து, தாம் கடுமையாக உழைப்பவர், எதையும் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவர் என்று இரண்டு பத்தி. பின்னால் பயோடேட்டா: தகப்பனார் பெயர், தொழில், மதம், சாதி, திருமணமாகாதவர் என்பது வரை எல்லாம் இருந்தது. எந்தத் தேதியில் வர முடியும் என்பது மட்டும் இல்லை. ஐம்பது நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலில், எல்லா முகவரிகளும் எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்ப இருந்தார்.

நாங்கள் அவரிடம் கேட்டோம்: "அம்மா, நீ இதுவரை சட்ட சம்பந்தமாகக் கையால் செய்த வேலை என்ன?" ஒன்றுமில்லை என்றார். இன்னும் கிண்டினோம். சொந்த ஊரில் தாத்தாவின் நிலத்தில் பாகப்பிரிவினைத் தகராறு. குடும்பத்தில் படித்தவர் இவர் ஒருவரே. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திரம் முதல் கடைசிக் கிரயப் பத்திரம் வரை கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் படித்து, யாரிடமிருந்து யாருக்கு நிலம் போயிற்று என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்! அதுவன்றோ வேலை! ஆலைக்கு நிலம் வாங்கும் கம்பெனிக்கு 'லீகல் ஒப்பீனியன்' எழுதும் நிறுவனம் நாள்தோறும் செய்வது அதைத்தான். பட்டா, சிட்டா, அடங்கல், விடுதலைப் பத்திரம், செட்டில்மென்ட், உயில் எல்லாம் தமிழில் இருக்கின்றன. பழைய பத்திரத்தின் கூட்டெழுத்தையும் தமிழ் எண்களையும் படித்து, ஆங்கிலத்தில் பிழையின்றிச் சுருக்கி எழுதத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. வெளியூரிலிருந்து வந்த பெரிய நிறுவனத்துக்கு அவர் பொன் போன்றவர்.

ஆகவே கடிதத்தை மாற்றி எழுதச் சொன்னோம். முதல் வாக்கியத்தில் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். இரண்டாம் பத்தியில் அந்த நிலப் பத்திர வேலை. ஆனால் குடும்பத் தகராற்றின் விவரம் இல்லாமல், படித்த பத்திரங்களின் வகையும் காலமும் மட்டும். மூன்றாம் பத்தியில் அந்த நிறுவனத்தின் எந்தப் பிரிவில் சேர விருப்பம், ஏன் என்பது. ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. வறுமை பற்றிய வரி போயிற்று. வறுமை வெட்கப்பட வேண்டியது என்பதற்காக அல்ல. படிப்பவர் இரக்கப்பட்டு மூடிவைத்துவிடுவார் என்பதற்காக. வேலை தெரியும் என்று சொன்னால் மேலே படிப்பார். அவர் பதினைந்து நிறுவனங்களுக்குத் தனித்தனியே எழுதினார். பலரிடமிருந்து பதிலே வரவில்லை. ஒரே ஒரு நிறுவனம் நான்கு வாரம் வரச் சொன்னது. அந்த ஒன்று போதுமாயிருந்தது. அடுத்த விண்ணப்பத்தில் எழுத அவருக்கு விஷயம் கிடைத்துவிட்டதே!

இதிலிருந்து எல்லோருக்கும் பொதுவான சில குறிப்புகள். நீங்கள் போக விரும்பும் மாதத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இன்னும் முன்பே. நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் படிவம் வைத்திருந்தால் அதையே நிரப்புங்கள். அதை விட்டுத் தனிக் கடிதம் அனுப்ப வேண்டாம். பார்ட்னரின் பெயரில் எழுத்துப் பிழை கூடாது. மின்னஞ்சலின் தலைப்பிலேயே பெயர், கல்லூரி, மாதம் இருக்கட்டும். பயோடேட்டாவை பி.டி.எஃப் ஆக, உங்கள் பெயரிட்டு இணையுங்கள். சாதி, மதம், தகப்பனார் தொழில் எதுவும் வேண்டாம். முன்பு ஓரிடத்தில் வேலை பார்த்திருந்தால் கட்சிக்காரர் பெயரை எழுதாதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் வேண்டாம். இடம் தருகிறேன், பணம் கட்டு என்று எவராவது கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நேர்முகத்துக்கு அழைத்தால் என்ன கேட்பார்கள்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படையை நிச்சயம் கேட்பார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம், 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் ஆகியவற்றின் அமைப்பாவது தெரிந்திருக்க வேண்டும். வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தகராறுகளுக்கென வந்தது. 2018-இல் அந்த அளவு மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஏன் குறைத்தார்கள் என்று யோசித்துச் சொல்லத் தெரிந்தவரை எவரும் மறக்கமாட்டார்கள். புத்தகம் வாங்கப் பணம் வேண்டியதில்லை. 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இணையத்தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். ஒரு தீர்ப்பைப் படித்து, இரண்டே பக்கத்தில் நடந்தது என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன என்று எழுதிப் பழகுங்கள். பத்துத் தீர்ப்புகளுக்கு அப்படி எழுதினால் உங்கள் ஆங்கிலமும் தானே திருந்தும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

இப்போது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப்பில் பல இடங்களில் பணம் தரமாட்டார்கள். சில இடங்களில் உதவித்தொகை உண்டு. படித்துப் பதிவு செய்த இளம் வழக்கறிஞர்களின் நிலை வேறு. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தந்த உத்தரவையொட்டி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது தர வேண்டும் என்று மாநில பார் கவுன்சில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியிருந்த ஏழைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் சொல்கிறோம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சியாளரையும் காக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. சட்டம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி.

கடைசியாகப் பங்குக்கு எங்கள் வேண்டுகோள். நான்கு வாரம் சம்பளமில்லாமல் போய்வர பஸ் செலவும் மதியச் சாப்பாடும் இரண்டு வெள்ளைச் சட்டையும் வேண்டும். இவ்வளவுக்கு வழியில்லாமல், கிடைத்த இடத்துக்கே போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. தகுதி குறைந்து நின்றவர்கள் அல்லர் அவர்கள். விடுமுறை நாலு வாரமும் கடையில் நின்று சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை. ஆகவே பொன்விழா நினைவாக மூன்று காரியம் செய்வோம். ஒன்று, பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு நான்கு வாரச் செலவுக்கென ஒரு சிறு நிதி. இரண்டு, பங்கு வாசகசாலையில் விண்ணப்பம் தயாரிக்க ஒரு கணிப்பொறியும் அச்சுப்பொறியும். மூன்றாவது எங்கள் பொறுப்பு: மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், எங்களில் இருவர் வாசகசாலையில் இருப்போம். கடிதத்தைக் கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறோம். எங்கள் அலுவலகங்களில் சேரும் ஜூனியருக்கு உரிய தொகையைக் குறைக்காமல் தருவதாகவும் இந்த மேடையிலேயே சொல்லிவைக்கிறோம். ஊருக்குச் சொல்வதை முதலில் நாங்கள் செய்ய வேண்டுமல்லவா?

பங்குத்தந்தையின் நற்சான்று வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடத்தைக்கு அது சாட்சி. ஆனால் வேலைக்கு வேலையே சாட்சி. நம் பிள்ளைகள் தலைகுனிந்து கேட்க வேண்டாம். "எனக்கு இது தெரியும், இந்தத் தேதியில் வருகிறேன்" என்று நிமிர்ந்து எழுதட்டும். அப்படி எழுதக் கற்றுத்தருவது நம் அனைவரின் கடமை. வரும் முதல் ஞாயிறு, கையில் கடிதத்தோடு உங்களை எதிர்பார்க்கிறோம்.